மேடையின் உடைமை: மும்பைத் தமிழரிடையே சபா முதல் நேரலை வரை

1. முன்னுரை

கலையை நிகழ்த்துவதற்கு மேடை வேண்டும். அம்மேடை யாருக்கு உரியது, அதில் ஏறுவோரை யார் தெரிவு செய்கின்றனர், ஊதியத்தை யார் அறுதியிடுகின்றனர் என்னும் மூன்று வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளைக் கொண்டு ஒரு காலத்தின் கலைப் பொருளாதாரத்தை அறியலாம். கைப்பேசியில் காணொளி எடுத்து வெளியிடுவதும் நேரலையில் தோன்றுவதும் இன்று இளைஞர் பலருக்குத் தொழிலாகவும் தொழிற்கனவாகவும் விளங்குகின்றன. இப்புதிய தொழிலின் ஈர்ப்பையும் வருவாய் முறையையும் மும்பையின் மாதுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளில் வாழும் தமிழரின் கலை வரலாற்றோடு இணைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சபாவின் மேடை

மாதுங்கா 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திட்டமிட்டு உருவாக்கப்பெற்ற குடியிருப்புப் பகுதியாகும். அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் பணிபுரிய வந்த தென்னிந்தியர் பலர் இங்குக் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் 1952இல் ஸ்ரீ சண்முகானந்த சபாவும் தோன்றின. சபா 1963இல் கட்டி முடித்த அரங்கம் 2,700க்கும் மேற்பட்டோர் அமரத்தக்கது. 1990இல் தீக்கிரையான அவ்வரங்கம் புதுப்பிக்கப்பெற்று 1998இல் மீண்டும் திறக்கப்பெற்றது. செம்பூரில் தமிழர் பெருகியபோது அங்கும் இசைக்கும் நடனத்திற்கும் உரிய அரங்குகள் எழுந்தன.

சபாவின் பொருளாதாரம் எளிமையானது. உறுப்பினர் சந்தாவை முன்கூட்டியே செலுத்துவர். கச்சேரிக்குரிய தொகை முன்னரே பேசி முடிக்கப்படும். அவையில் ஐம்பது பேர் அமர்ந்தாலும் ஆயிரவர் அமர்ந்தாலும் பாடகருக்குரிய தொகை மாறுவதில்லை. இழப்பு நேரின் அது சபாவையே சாரும். மேடை உறுப்பினரின் பொது உடைமையாதலின் இவ்வுறுதி இயன்றது எனலாம். ஆயின் அம்மேடையில் ஏறுவோரைத் தெரிவு செய்யும் உரிமை செயற்குழுவிடம் இருந்தது. கருநாடக இசையும் பரதநாட்டியமும் பயின்றோர்க்கே அங்குப் பெரிதும் இடமிருந்தது. இருப்புப்பாதைக்கு மறுபுறம் வாழ்ந்த தாராவித் தமிழரின் பாட்டு அவ்வரங்கினுள் நுழைவது அரிதாயிற்று.

3. தாராவியின் மேடை

19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் தமிழர் தாராவிக்கு வந்தனர். அவருள் திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்தோர் மிகுதி. பொங்கல் விழா, கோயில் விழா, அரசியற் கூட்டம் ஆகியவற்றின் பொருட்டுத் தெருவில் அமைக்கும் பந்தலே அவர்தம் மேடை. அதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஊரார் திரட்டிய நன்கொடையே முதல். பாடுவோர்க்குப் பெயர் கிட்டும். ஆனால் அதனை நம்பிப் பிழைக்க இயலாது.

இந்நிலையில் மாற்றம் 2010களில் நேர்ந்தது. 2014இல் குர்லாவைச் சேர்ந்த நேஸி என்னும் இளைஞர் தம் தந்தை வாங்கித் தந்த ஐபேடிலேயே ‘ஆஃபத்’ என்னும் பாடலைப் பதிவு செய்து, படமும் எடுத்து இணையத்தில் வெளியிட்டார். ஒலிப்பதிவுக்கூடமோ தயாரிப்பாளரோ இன்றி ஒரு பாடல் நகரெங்கும் பரவலாம் என்பதை அது காட்டியது. தாராவியில் டோப்அடெலிக்ஸ், செவன் பண்டைஸ் முதலிய குழுக்கள் தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளைக் கலந்து ராப் பாடின. ஒரே சந்தில் பல மொழி பேசுவோர் வாழும் தாராவியில் இக்கலப்பு இயல்பான பேச்சே என்பது கருதத்தக்கது. 2015இல் தொடங்கிய தாராவி ட்ரீம் ப்ராஜெக்ட் சிறார்க்கு ராப், நடனம், வாய்த்தாளம் ஆகியவற்றைக் கட்டணமின்றிக் கற்பித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனத்தின் வருகையால் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்ததும் பார்வையாளர் பெருகக் காரணமாயிற்று.

தெரிவு செய்யும் குழுவின் ஒப்புதல் வேண்டாத மேடை இது. இதுவே இத்தொழிலின் முதன்மையான ஈர்ப்பாகும்.

4. நேரலையும் அன்பளிப்பும்

நேரலையின் ஈர்ப்பு இதனினும் வேறானது. பார்வையாளர் பணம் அனுப்பினால் அவர் எழுதிய செய்தி தனித்துத் தோன்றும். கலைஞர் அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறுவார். யூடியூப் நிறுவனம் 2017இல் சூப்பர் சாட் என்னும் பெயரில் இம்முறையைத் தொடங்கியது. தமிழ் நாடக மேடையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. நடிகரின் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவதும், ‘இன்னார் அன்பளிப்பு’ என ஒலிபெருக்கியில் பெயர் கூறுவதும் ஊர்த் திருவிழாக்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கங்கள். கொடுப்பவர் கலையை மட்டுமன்றி ஊரறியத் தம் பெயர் ஒலிப்பதையும் விரும்புகிறார். வேறுபாடு ஒன்றுண்டு. திருவிழாவில் கொடுத்த பணம் கொடுத்தபடி மேடைக்குச் சென்றது. சூப்பர் சாட்டில் நூற்றுக்கு முப்பது பங்கைத் தளத்தார் எடுத்துக்கொள்கின்றனர்.

5. விளம்பர வருவாய்

நெடிய காணொளிகளுடன் வரும் விளம்பரங்களின் வருவாயில் நூற்றுக்கு 55 பங்கு படைப்பாளர்க்கு உரியது. ஆனால் இப்பங்கினைப் பெறத் தகுதி வேண்டும். 2018இல் யூடியூப் வகுத்த விதிப்படி 1,000 சந்தாதாரரும், ஓராண்டுக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் தேவை. 4,000 மணிநேரம் என்பது 2,40,000 நிமிடம். நான்கு நிமிடப் பாடலொன்றை 60,000 முறை முழுமையாகக் கேட்டாலன்றி இவ்வரம்பு நிறையாது. சமையற் குறிப்போ விளையாட்டு நேரலையோ மணிக்கணக்கில் நீளலாம்; பாடல் அவ்வாறு நீள்வதில்லை. ஆகவே இவ்விதி பாடகர்க்குப் பாதகமாக அமைகிறது.

விளம்பரத்தின் விலை பார்வையாளர் வாழும் நாட்டைப் பொறுத்தும் மாறும். இந்தியப் பார்வைக்குக் கிட்டும் தொகையினும் கனடா, சிங்கப்பூர் முதலிய நாடுகளின் பார்வைக்குக் கிட்டும் தொகை பொதுவாக மிகுதி. எனவே அயலகத் தமிழர் கேட்கும் பாடலுக்கும், தாராவியிலேயே கேட்கப்படும் பாடலுக்கும் பார்வை எண்ணிக்கை ஒத்திருப்பினும் வருவாய் ஒவ்வாது.

ஹெர்பர்ட் சைமன் என்னும் பொருளியல் அறிஞர் 1971இலேயே, செய்தி பெருகுமிடத்துக் கவனம் அரிதாகும் என விளக்கினார். அரிதான அக்கவனத்தைப் பகிர்ந்தளிப்பது இன்று தளத்தின் பரிந்துரை முறையேயாகும். சபாவின் செயற்குழுவை நேரிற் கண்டு முறையிடலாம். பரிந்துரை முறையிடம் முறையிட வழியில்லை.

6. மேடை மறைதல்

மேடைக்கு உரிமையற்றோர் நிலையை 2020ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது. அவ்வாண்டு ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. தடையின் காரணங்கள் நாட்டின் பாதுகாப்பைச் சார்ந்தவை. எனினும் அத்தளத்தில் பல்லாண்டு திரட்டிய பார்வையாளரைப் படைப்பாளர் ஒரே நாளில் இழந்தனர். அவர்களை வேறு தளத்திற்கு அழைத்துச் செல்ல முகவரிப் பட்டியல்கூட அவர்களிடம் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில், பெருந்தொற்றால் அரங்குகள் முடங்கிய நிலையில், சென்னைச் சபாக்கள் ஒன்றுகூடி மார்கழிக் கச்சேரிகளைக் கட்டண முறையில் இணையவழி வழங்கின. சபாவுக்குத் தன் உறுப்பினர் யாவர் என்பது தெரியும். ஆதலின் அரங்கம் மூடிய பின்னும் அவை கலையவில்லை. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்குதல் தகும்.

7. புகழ் ஊதியமாதல்

தாராவிக் கலைஞர் சிலர் முன்னேறிய வழியும் இதனையே உணர்த்துகிறது. 2018இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் ‘காலா’ திரைப்படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையில் டோப்அடெலிக்ஸ் குழுவினர் பங்கேற்றனர். இணையம் அவர்களை அறிமுகம் செய்தது, திரைத்துறை ஊதியமளித்தது. ஆனால் புகழ் எப்போதும் உரியவரையே சேர்வதில்லை. 2019இல் வெளிவந்த ஜோயா அக்தரின் ‘கல்லி பாய்’ திரைப்படத்திற்கு உந்துதலாக அமைந்தவர்கள் குர்லாவைச் சேர்ந்த நேஸியும் அந்தேரியைச் சேர்ந்த டிவைனும் ஆவர். கதைக்களமாக அமைந்தது தாராவி. தாராவி என்னும் பெயர் ஒரு வணிகப் பண்டமாயிற்று. அப்பெயர் ஈட்டியதில் தாராவியில் வாழ்வோர்க்கு எவ்வளவு என்னும் வினா எஞ்சுகிறது.

படைப்பாளரின் பணி தொழிலே என்பதை அரசும் ஏற்றுள்ளது. 2022 ஜூலை முதல், தொழில் தொடர்பாகப் பெறும் பொருளும் சலுகையும் ஆண்டுக்கு 20,000 ரூபாயைக் கடந்தால், நூற்றுக்கு 10 என வரி பிடித்தம் செய்யும் விதி நடைமுறைக்கு வந்தது; விளம்பரத்திற்காகப் படைப்பாளர் பெறும் பொருள்களும் இதனுள் அடங்கின.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. சபாவின் மேடை சிலர்க்கே திறந்திருந்தது. ஏறியவர்க்கு ஊதியம் உறுதியாயிற்று. இணையத்தின் மேடை அனைவர்க்கும் திறந்துள்ளது. ஏறியவர்க்கு ஊதியம் உறுதியில்லை. வாயிலைத் திறந்தது இணையத்தின் அருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. மாதுங்கா அரங்கில் இடம்பெறாத குரல் இன்று கடல் கடந்தும் கேட்கிறது. ஆயினும் கேட்போரைத் திரட்டும் உழைப்பு கலைஞருடையதாகவும், திரண்டவர் மீதான உரிமை தளத்தாருடையதாகவும் இருக்கும்வரை அவ்வுழைப்பின் பயன் நிலைபெறாது. சந்தாவால் இயங்கும் சங்கம் அமைத்துத் தமக்கென மேடை கண்டது மாதுங்காத் தமிழரின் பட்டறிவு. திரையையும் கச்சேரியையும் நாடிச் செல்லும் தாராவி இளைஞர், தம் கேட்போரைத் தாமே அறிந்து பேணும் அமைப்பொன்றையும் உருவாக்குவரேல், இவ்விரு மேடைகளின் நன்மையும் அவர்க்கு ஒருங்கே வாய்க்கும்.