பசியும் அடையாளமும்: சேலம், நாமக்கல் பகுதிகளில் உதவி பெறுவோரை அறியும் முறைகள்

முன்னுரை

துயருற்றோர்க்கு உதவும் அமைப்புகள் மின்னணுத் தொழில்நுட்பத்தை ஏற்பதை விரைவு, சிக்கனம், முறைகேட்டுத் தடுப்பு ஆகியவற்றால் மதிப்பிடுவது வழக்கம். தகுதியை மெய்ப்பிக்கும் சுமை யார்மீது விழுகிறது என்னும் வினாவைச் சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாற்றுவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

பஞ்சகாலச் சோதனை

1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் கடும் இழப்புற்ற மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. நாமக்கல் அன்று அதனுள் அடங்கியிருந்தது. 1871இல் ஏறத்தாழ 19.7 இலட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881இல் 16 இலட்சமாகக் குறைந்தது. உண்மையான வறியவரைப் பிரித்தறியக் கடும் உடலுழைப்பே சோதனையாக வைக்கப்பட்டது. 1877 தொடக்கத்தில் இந்திய அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறுகாசும் எனக் குறைத்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் மறுத்தார். அவ்வாண்டிலேயே மாகாண அரசு கூலியை உயர்த்தியது.

மின்னணுச் சோதனை

2002இல் பாகிஸ்தானிலிருந்து தாயகம் திரும்பிய ஆப்கானியருள் ஒருவரே இருமுறை உதவி பெறுவதைத் தடுக்க, ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் கருவிழிப் பதிவைக் கையாண்டது. தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டத்தில் 2017 ஏப்ரலில் மின்னணுக் குடும்ப அட்டையும், 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ திட்டத்தோடு விரல்ரேகைச் சரிபார்ப்பும் வந்தன. வாங்கிய பொருளின் விவரம் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருவதால், வாங்காத பொருளை வாங்கியதாக எழுதுவது கடினமாயிற்று. எனினும் முதியோர், உழைப்பால் ரேகை தேய்ந்தோர் ஆகியோரின் விரலைக் கருவி ஏற்காமல் போவதுண்டு. கடைக்கு வர இயலாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தம் சார்பில் ஒருவரை நியமிக்கலாம் என்னும் விதி, இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

முடிவுரை

இரு காலங்களிலும் உணவு பெறுமுன் உடலே சான்றளிக்க வேண்டியிருந்தது. அன்று உழைப்பு, இன்று ரேகை. ஆனால் 1877இல் பிழை அளவுகோலில் இருந்தது. அதை எண்களால் எதிர்க்க முடிந்தது. இன்றைய பிழை ஒவ்வொரு விரலாகச் சிதறிக் கிடக்கிறது. எனவே வழங்கப்பட்ட அரிசியின் கணக்கோடு, ரேகை பொருந்தாமல் வெறுங்கையுடன் திரும்பியோரின் கணக்கும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். அது இல்லாதவிடத்து, கருவியின் வெற்றியை மட்டுமே ஆவணம் பேசும். பின்வரும் வரலாற்றாய்வாளர்க்கும் பசித்தோர் புலப்படார்.