ஆடுகளமும் தேநீர்க் கிண்ணமும்

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதுவதில்லை. ஒரு சமூகம் எதனைப் போற்றுகின்றது, யாரை ஒதுக்குகின்றது என்பதை ஆடுகளம் மறையாது காட்டிவிடும். சில வேளைகளில் அச்சமூகத்தைத் திருத்தவும் செய்யும். பல்வங்கர் பாலு என்னும் கிரிக்கெற் வீரரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பாலு, தோற்றொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட சமார் சாதியிற் பிறந்தவர். பூனாவில் ஆங்கிலேயரின் கழகமொன்றில் மைதானத்தைப் பேணும் ஊழியராக இருந்தார். பயிற்சி வேளைகளில் துரைமாருக்குப் பந்து வீசி வீசியே இடக்கைச் சுழற்பந்தில் வல்லவரானார். ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனா இந்துக்கள் அவரைத் தம் அணியிற் சேர்த்துக்கொண்டனர். ஆயினும், களத்தில் அவர் தொட்ட பந்தைத் தயங்காது தொட்டவர்கள், தேநீர் இடைவேளையில் அவரை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி, மட்கிண்ணத்தில் தேநீர் கொடுத்தனர். பந்தில் ஒட்டாத தீட்டுக் கிண்ணத்தில் மட்டும் எவ்வாறு ஒட்டியது?

1906 ஆம் ஆண்டு பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றனர். பாலுவும் அவர் தம்பி சிவராமும் அவ்வணியில் ஆடினர். 1911 இல் பட்டியாலா மகாராசாவின் தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலுவோ 114 விக்கெற்றுக்களை வீழ்த்தினார். ஒடுக்கப்பட்ட மக்கள் அவரைத் தம் வீரராகக் கொண்டாடினர். இளைஞராயிருந்த அம்பேத்காரும் அவரைப் பெருமையோடு போற்றியவரே.

இத்துணைப் புகழ் பெற்றும், இந்து அணியின் தலைமைப் பதவி அவருக்கு மறுக்கப்பட்டே வந்தது. 1920 இல் அவருடைய தம்பியர் இந்த அநீதியைக் கண்டித்து அணியிலிருந்து விலகினர். தீண்டாமைக்கு எதிராகக் காந்தியடிகளின் குரலும் நாடெங்கும் ஒலித்த காலம் அது. 1923 இல் இளைய தம்பி விதால் தலைவராக்கப்பட்டார்; அவ்வாண்டே இந்துக்கள் வெற்றி வாகை சூடினர். அண்ணனுக்குக் கிட்டாதது தம்பிக்குக் கிட்டியது. திறமை கதவைத் தட்டியது. ஆனால் கதவைத் திறப்பித்தது, மானத்தோடு விலகி நின்ற துணிவும் காலத்தின் மாற்றமுமே.

இதனை அயல்நாட்டுக் கதையென்று தள்ளிவிட எமக்கு உரிமையில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலும் வேறு குவளை வைத்திருந்த காலம் உண்டு. 1957 இல் இதற்கெதிராகச் சட்டம் பிறந்த பின்னரும், கடைகளிலும் கோயில் வாயில்களிலும் போராட வேண்டியிருந்தது.

இளைஞர்களே! எமது அணிக்கு ஆள் தெரியும்போது திறமையை மட்டும் பார்க்கின்றோம். ஆட்டம் முடிந்து பந்தியில் அமரும்போதும், பதவிகளைப் பகிரும்போதும் அந்தப் பார்வை எம்மிடம் நிலைக்கின்றதா? பெரியோர்களே! நிலைக்கவில்லையெனின், நாம் வென்று வந்த கேடயங்களால் யாது பயன்?