குந்தலீன் பரிசுக் கதைகளும் போட்டி இலக்கியத்தின் வரலாற்றுச் சான்றும்

முன்னுரை

சிறுகதை வரலாற்றை எழுதுவோர் இதழ்களையும் தொகுப்புகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வர். கதைப் போட்டிகள் அவ்வாறு கொள்ளப்படுவதில்லை. பரிசு பெற்ற கதை பேசப்படும். போட்டியை நடத்தியவர் யார், விதித்த நெறிகள் யாவை, எழுதியவர் எப்பெயரில் கலந்துகொண்டார் என்பன பேசப்படுவதில்லை. இலக்கிய அமைப்பு அல்லாத ஒரு நிறுவனமோ, தனி ஆர்வமுடைய ஒரு குழுவோ நடத்தும் போட்டியாயின் புறக்கணிப்பு மேலும் மிகுகின்றது. வங்காளத்தில் 1896ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற குந்தலீன் பரிசுப் போட்டியைச் சான்றாகக் கொண்டு, போட்டி விதியும் பெயர் மறைப்பும் இலக்கிய வரலாற்றில் ஏற்படுத்தும் விளைவுகளை இக்கட்டுரை ஆராய்கின்றது.

போட்டியின் தோற்றம்

ஹேமேந்திரமோகன் போஸ் (1864 - 1916) கல்கத்தாவில் வாசனைப் பொருள் உற்பத்தி செய்த வணிகர். கூந்தலைக் குறிக்கும் ‘குந்தலம்’ என்னும் சொல்லின் அடியாகக் ‘குந்தலீன்’ எனத் தம் கூந்தல் தைலத்திற்குப் பெயரிட்டார். ‘தேல்கோஷ்’ என்பது அவர் விற்ற நறுமணப் பொருள். இவற்றை மக்களிடையே பரப்பும் நோக்கில் ஆண்டுதோறும் சிறுகதைப் போட்டி நடத்தினார். பரிசுக் கதைகளை நூலாகவும் அச்சிட்டு வழங்கினார்.

காலச்சூழலை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரவீந்திரநாத தாகூர் ‘ஹிதவாதி’ இதழில் கதைகள் எழுதத் தொடங்கியது 1891இல். வங்கமொழியில் சிறுகதை வேரூன்றத் தொடங்கிய ஐந்தே ஆண்டுகளில் ஒரு தைல வணிகர் அவ்வடிவத்தைத் தம் விளம்பரத்திற்குத் தேர்ந்துள்ளார். நெடிய புதினத்தினும் சிறுகதையே போட்டிக்கும் சிறுநூலுக்கும் ஏற்றது என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

விதியும் கதையும்

கதையில் குந்தலீன், தேல்கோஷ் ஆகியன இடம்பெறுதல் வேண்டும். ஆயினும் கதையின் அழகு கெடலாகாது, விளம்பரம் எனத் தோன்றலும் ஆகாது என்பது போட்டியின் விதி. முரண்போல் தோன்றும் இவ்விதியே எழுதுவோர்க்குச் சோதனையாயிற்று. பொருளின் பெயரை எங்கேனும் ஓரிடத்தில் செருகிவிடுதல் எளிது. அதனையே கதையின் அச்சாணியாக்குதல் அரிது.

முதலாண்டில் முதற்பரிசு பெற்றது அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸ் எழுதிய கதை. கல்கத்தாவைத் தாக்கும் என அஞ்சப்பட்ட புயல் வாராமலே மறைந்துபோகிறது. வானிலை அறிஞர்கள் காரணம் அறியாது திகைக்கின்றனர். கதைசொல்லியோ உடல்நலம் கருதி இலங்கைக்குக் கப்பலேறியவர். புயலில் கப்பல் தத்தளிக்கையில், எண்ணெய் அலையை அடக்கும் என்னும் அறிவியற் செய்தி நினைவுக்கு வர, தம்மிடமிருந்த குந்தலீன் புட்டியைக் கடலில் எறிகிறார், கடல் அமைதியுறுகிறது. நீர்ப்பரப்பின் மீது எண்ணெய் ஏற்படுத்தும் விளைவைப் பெஞ்சமின் பிராங்க்ளின் 1774இல் ஆய்வுரையாக வெளியிட்டிருந்தார். ஆக, அறிவியல் உண்மையும் விளம்பரப் பொருளும் அங்கதமும் ஒரு புட்டிக்குள் அடங்கின. இந்திய அறிவியற் புனைகதையின் தொடக்கக் காலப் படைப்புகளுள் ஒன்றாக இக்கதை இன்று போற்றப்படுகின்றது.

ஜகதீச சந்திரர் 1921இல் வெளியிட்ட ‘அவ்யக்த’ நூலில் இக்கதையை ‘பலாதக் தூஃபான்’ (ஓடிப்போன புயல்) என்னும் தலைப்பில் திருத்திச் சேர்த்தார். அங்கே தைலத்தின் பெயர் ‘குந்தலகேசரி’ என மாறியது. வணிகப் பெயர் நீங்கிற்று, தைலம் நீங்கவில்லை. போட்டிக்காகப் புகுத்தப்பட்ட பொருள், போட்டி மறைந்த பின்னும் நீக்கவியலாத கதையுறுப்பாகிவிட்டமைக்கு இம்மாற்றமே சான்று.

பெயர் மறைப்பு

இப்போட்டியில் வென்றோர் பலர் தம் பெயரில் வெல்லவில்லை என்பது கருதத்தக்கது. ஜகதீச சந்திரரின் கதை அவர் பெயரின்றி வெளிவந்தது. சரத் சந்திர சட்டோபாத்தியாயர் 1903இல் பர்மா செல்லுமுன் தம் தாய்மாமன் சுரேந்திரநாத் கங்கோபாத்தியாயர் பெயரில் ‘மந்திர்’ என்னும் கதையை அனுப்பினார். ஏறத்தாழ 150 கதைகளுள் அதனை முதலாவதாகத் தேர்ந்தவர் எழுத்தாளர் ஜலதர் சேன். பிரபாத குமார் முகோபாத்தியாயர் ‘ராதாமணி தேவி’ என்னும் பெண்பெயரில் பரிசு பெற்றார். கவிஞர் மான்குமாரி பாசு (1863 - 1943) தம் சொந்தப் பெயரில் எழுதிப் பரிசு வென்ற பெண்மணி.

பரிசுப் பட்டியலை மட்டும் நம்பும் ஆய்வாளர் நிலை என்னாகும்? சரத் சந்திரர் அதில் இரார். பெண் எழுத்தாளர் எண்ணிக்கையில் ஒன்று பொய்யாக மிகும். மான்குமாரியும் ராதாமணியும் ஒரே நிரையில் நிற்பர். ஒருவர் மெய்ம்மையர், மற்றவர் புனைவு என்பதைப் பட்டியல் சொல்லாது. பெண்கள் எழுத்துலகில் நுழைந்த வரலாற்றைக் கணக்கிடுவோர்க்கு இப்பிழை சிறிதன்று.

எனினும் பெயர் மறைப்பைக் குறையென்று ஒதுக்குதலும் பொருந்தாது. பேராசிரியர் ஒருவர் கதை எழுதத் துணிந்ததும், அறியப்படாத இளைஞர் ஒருவர் பெயரின் வலிமையின்றி எழுத்தின் வலிமையால் மட்டும் தேர்வுற்றதும் அதனால் இயன்றன. மறைப்பு எழுத்துக்கு வாயில் திறந்தது, வரலாற்றுக்கோ கதவடைத்தது.

தமிழ்ச் சூழலும் இணையப் போட்டிகளும்

தமிழில் வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் வெளிவந்தது. 1930களில் தமிழ் இதழ்களும் சிறுகதைப் போட்டிகளை நடத்தின. சென்னையில் 1970இல் தோன்றிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, இதழ்களில் முன்னரே வெளிவந்த கதைகளிலிருந்து மாதந்தோறும் சிறந்ததைத் தெரிவு செய்யும் முறையைக் கைக்கொண்டது. அம்முறையில் கதையும் பெயரும் அச்சில் நின்றுவிடுதலால் சான்று அழிவதில்லை.

இணையவழிப் போட்டிகளின் நிலை குந்தலீனுக்கே நெருக்கமானது. வயது வந்தோர்க்கு மட்டுமெனத் தனித்தியங்கும் வாசகக் குழுக்கள் நடத்தும் கதைப் போட்டிகள் இதற்குத் தெளிவான சான்று. நடத்துவோர்க்கு இலக்கியத்தின் வேறான ஓர் ஆர்வம் உண்டு. அவ்வார்வத்தைக் கதை தாங்கியாக வேண்டும் என்னும் விதி உண்டு. பொருளின் இயல்பு கருதி எழுதுவோர் புனைபெயரிலேயே ஒதுங்குவர். காதலும் காமமும் அகத்திணையாகப் பாடப்பெற்ற மொழியில், பொருள் கருதி இவற்றை ஆய்வுக்கு அப்பாற்பட்டன எனத் தள்ளுதல் முறையன்று. குந்தலீனுக்கு அச்சுநூலேனும் எஞ்சிற்று. இணையப் போட்டியிலோ தளம் மூடப்பட்டால் விதியும் கதையும் தீர்ப்பும் ஒருங்கே மறையக்கூடும்.

முடிவுரை

போட்டி நடத்துவோர் விதிகள், தேர்வுமுறை, வந்த கதைகளின் எண்ணிக்கை, பரிசுக் கதைகளின் முழுப் பாடம் ஆகியவற்றைப் பாதுகாத்தல் வேண்டும். இவற்றுக்கு எவருடைய இயற்பெயரும் தேவையில்லை. புனைபெயரைப் புனைபெயர் எனக் குறித்துவைத்தலே ஆய்வாளருக்குப் பேருதவியாகும். இயற்பெயரை வெளியிடும் உரிமையோ எழுதியவர்க்கே உரியது. ஜகதீச சந்திரர் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தம் கதையைத் தம் பெயரிலேயே நூலில் சேர்த்தார். அவர் அவ்வாறு உரிமை கோரும் நாள்வரை கதையைக் காத்துவைத்தது ஒரு தைல வணிகரின் சிறுநூல். அத்தகைய சிறுநூல்களைச் சான்றாக ஏற்று, முறையாகப் பதிவு செய்வது இலக்கிய வரலாற்றாசிரியர்தம் கடமையாகும்.