தக்லீஃப் அற்றோரின் ஈடேற்றம்

மார்க்கத்தை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் வாய்க்காமலே வாழ்ந்து மறைபவர்கள் மறுமையில் எந்நிலையை அடைவார்கள் என்ற கேள்விக்கு இஸ்லாமிய அறிஞர்கள் கூறிவந்த விடைகள் இத்தலைப்பில் அடங்கும். இறைகட்டளைகளுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் பொறுப்பு ‘தக்லீஃப்’ எனவும், அப்பொறுப்பைச் சுமப்பவர் ‘முகல்லஃப்’ எனவும் வழங்கப்படுவர். பருவமடையாத பிள்ளைகள், சித்தசுவாதீனம் இல்லாதோர், பிறவியிலேயே பார்வையும் செவிப்புலனும் ஒருசேர அற்றோர், இறைத்தூதரின் அழைப்பு எட்டாதோர் ஆகியோர் இப்பொறுப்புக்கு வெளியே நிற்பவர்கள். இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் மருதமுனை தொடங்கி கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை ஆகிய ஊர்களைக் கடந்து அக்கரைப்பற்று வரை தமிழ் பேசும் முஸ்லிம்கள் செறிந்து வாழ்கின்றனர். இவர்கள் சட்டத்தில் ஷாபிஈ மத்ஹபையும் கொள்கையில் அஷ்அரி வழியையும் மரபாகப் பின்பற்றி வந்திருப்பதால், மேற்படி விடைகள் இவ்வூர்களின் பிறப்பு, வளர்ப்பு, மரணச் சடங்குகளில் ஆழப் பதிந்துள்ளன.

இக்கேள்வி இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டிலேயே கடுமையான வடிவில் எழுந்தது. கவாரிஜ்கள் என்னும் கிளர்ச்சிக் குழுவினரில் தீவிரப் பிரிவினரான அஸாரிகாக்கள், தம்மை எதிர்ப்போரின் பச்சிளம் பிள்ளைகளும் நரகத்துக்குரியோரே என்றும் அவர்களைக் கொல்லலாம் என்றும் வாதிட்டனர். பெரும்பான்மை முஸ்லிம்கள் இதை மறுத்தமைக்கு இரு அடிப்படைகள் இருந்தன. தூதர் ஒருவரை அனுப்பாமல் எவரையும் தண்டிப்பதில்லை என்ற கருத்தைக் கூறும் குர்ஆனின் 17ஆம் அத்தியாயத்தின் 15ஆம் வசனம் ஒன்று. உறங்குபவர் விழிக்கும்வரை, பிள்ளை பருவமடையும்வரை, சித்தம் கலங்கியவர் தெளியும்வரை ஆகிய மூவரைவிட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்று அலீ, ஆயிஷா ஆகியோர் வழியாக அறிவிக்கப்படும் நபிமொழி மற்றொன்று. எழுதுகோல் என்பது இங்கே வானவர்கள் பாவத்தைப் பதியும் எழுதுகோல். பிள்ளை செய்யும் நன்மைக்குக் கூலி உண்டு என்பதால், நன்மைக்கான ஏடு அவர்களுக்கு மூடப்படவில்லை என அறிஞர்கள் விளக்கினர்.

கிறித்தவத்தில் இதே கேள்வி வேறொரு வாயிலால் நுழைந்தது. ஆதாமின் பாவம் மானிடர் அனைவரிடமும் பிறவியிலேயே ஒட்டியுள்ளது என்ற கோட்பாட்டை வலியுறுத்திய அகுஸ்தீன், திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது மிக இலேசானது என்றார். இடைக்கால இறையியலாளர்கள் வேதனையும் பேரின்பக் காட்சியும் இல்லாத ‘லிம்போ’ என்னும் நிலையைக் கூறினர். 2007இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணைக்குழு, அத்தகைய குழந்தைகள் மீட்படைவர் என நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்று அறிவித்தது. சீர்திருத்தத் திருச்சபையினரின் 1640களைச் சேர்ந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, தெரிந்தெடுக்கப்பட்ட சிசுக்களோடு போதனையைக் கேட்டறியும் திறனற்ற தெரிந்தெடுக்கப்பட்டோரையும் சேர்த்து மீட்புக்குரியோராகக் கூறியது குறிப்பிடத்தக்கது. கத்தோலிக்கரும், 1814இல் மட்டக்களப்பில் பணி தொடங்கிய வில்லியம் ஓல்ட் என்ற வெஸ்லியன் மிஷனரியின் வழிவந்த மெதடிஸ்தரும் கல்முனையில் முஸ்லிம்களுக்கு அயலவராக வாழ்கின்றனர். இவ்விரு சபையாரும் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பவர்கள். இஸ்லாமிய நம்பிக்கையோ, ஒவ்வொரு குழந்தையும் ‘ஃபித்ரத்’ எனப்படும் தூய இயற்கை நிலையில் பிறக்கிறது என்ற நபிமொழியிலிருந்து புறப்படுவதால், கழுவப்பட வேண்டிய பிறவிப் பாவம் என ஒன்று அதில் இல்லை. ஆகவே மீட்பு எவ்வாறு கிட்டும் என்பதை விட, பொறுப்பு எப்போது தொடங்குகிறது என்பதே இஸ்லாமிய அறிஞர்களின் முதன்மைக் கேள்வியாயிற்று.

அக்கேள்வியை அறிவின் எல்லைவரை இழுத்துச் சென்றவர்கள் முஃதஸிலாக்கள் என்னும் இறையியல் அணியினர். அடியார்களுக்கு எது மிக நலமோ அதைச் செய்வது இறைவன்மீது கடமை என்பது அவர்களின் ‘அஸ்லஹ்’ கோட்பாடு. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வணியிலிருந்து விலகிய அபுல் ஹஸன் அல்அஷ்அரி, தம் ஆசிரியர் ஜுப்பாயீயிடம் மூன்று சகோதரர்களைப் பற்றி வினவியதாகப் பிற்கால நூல்கள் கூறும். ஒருவன் நல்லடியானாகவும், ஒருவன் நிராகரிப்பவனாகவும், ஒருவன் சிறு பிள்ளையாகவும் இறந்தார்கள். பிள்ளைக்கு மீட்சி உண்டு, உயர்ந்த பதவி இல்லை என்று ஆசிரியர் கூற, தன்னை வாழவிட்டிருந்தால் தானும் நன்மை செய்து அப்பதவியை அடைந்திருப்பேனே என்று பிள்ளை முறையிட்டால் இறைவன் என்ன சொல்வான் என்று மாணவர் கேட்டார். வளர்ந்தால் நீ வழிதவறுவாய் என அறிந்தே உன் நலன் கருதி முன்னரே எடுத்துக்கொண்டேன் என்பான் என்றார் ஆசிரியர். அப்படியானால் என் நலனையும் கருதி என்னையும் பிள்ளைப் பருவத்திலேயே எடுத்திருக்கலாகாதா என்று நரகிலிருந்து நிராகரித்தவன் கேட்பானே என்ற அடுத்த வினாவுக்கு ஆசிரியரிடம் பதில் இல்லை. இந்நிகழ்ச்சி வரலாற்றில் நடந்ததோ இல்லையோ, அஷ்அரி கொள்கையின் உயிர்நாடி இதில் தெளிவாகத் துடிக்கிறது: பிள்ளைக்குக் கிட்டும் சுவர்க்கம் எவரும் கணக்குக் காட்டிப் பெறும் உரிமையன்று, இறைவன் தன் விருப்பால் வழங்கும் அருட்கொடை.

முஸ்லிம்களின் பிள்ளைகள் சுவர்க்கவாசிகள் என்பதில் அறிஞர்கள் ஏறத்தாழ ஒருமித்தனர். இணைவைப்போரின் பிள்ளைகள் குறித்தே கருத்துகள் பிரிந்தன. அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதை இறைவனே நன்கறிவான் என்ற பொருளுடைய நபிமொழியைக் கொண்டு சிலர் தீர்ப்புக் கூறாமல் நின்றனர். நபி இப்றாஹீமைச் சூழ்ந்து எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சோலையொன்றில் இருக்கக் கண்டதாக நபிகளார் தம் கனவை விவரித்த, புகாரியின் நபிமொழித் தொகுப்பில் இடம்பெறும் அறிவிப்பை முன்வைத்து, அவர்களும் சுவர்க்கத்துக்குரியோரே என்ற முடிவைச் சரியானதாகத் தேர்ந்தவர் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞரான இமாம் நவவி (1233–1277). இந்துத் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் ஊர்களும் வேலிக்கு வேலி மாறிவரும் கல்முனைக் கரையில் இம்முடிவின் பெறுமதி பெரிது. ஷாபிஈகள் வாழும் இக்கரையில் பள்ளிவாசல் பயான்களில் இன்னும் அழுத்தமாகச் சொல்லப்பட வேண்டியதும் இதுவே. மற்றோரைப் பொறுத்தவரை, செவிடர், அறிவு மங்கியவர், தள்ளாத முதியவர், தூதரில்லாக் காலத்தில் மறைந்தவர் ஆகியோர் மறுமையில் தனியாகச் சோதிக்கப்படுவர் என்ற அறிவிப்புகளை இப்னு தைமிய்யா, இப்னு கஸீர் முதலியோர் ஏற்றனர்.

இக்கொள்கைகள் தமிழ் முஸ்லிம்களின் கைக்கு வந்தது பெரும்பாலும் மதரசாக்கள் வழியாகவும் அரபுத்தமிழ் வழியாகவும் ஆகும். 16ஆம் நூற்றாண்டில் மலபாரில் ஸைனுத்தீன் மக்தூம் எழுதிய ‘ஃபத்ஹுல் முஈன்’ சட்டத்துக்கும், கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபு லிபியில் தமிழாக எழுதிய ‘ஃபத்ஹுத் தய்யான்’ கொள்கைக்கும் வணக்கத்துக்கும் வழிகாட்டின. பின்னது 1963இல் கொழும்பில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

நடைமுறையில் இக்கோட்பாட்டை மிக அருகில் காணக்கூடிய இடம் அடக்கத்தலமான மையவாடியாகும். வளர்ந்தவர் ஒருவர் அடக்கப்பட்டதும், கப்றில் வானவர் கேட்கும் கேள்விகளுக்கான விடையை நினைவூட்டும் ‘தல்கீன்’ ஓதப்படும். பருவமடையாத பிள்ளைக்கு அது ஓதப்படுவதில்லை, ஏனெனில் அதனிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை. ஜனாஸாத் தொழுகையிலும் வேறுபாடு உண்டு. பெரியவருக்காகப் பாவமன்னிப்பு இறைஞ்சப்படும் இடத்தில், பிள்ளைக்கான துஆ, அப்பிள்ளையை அதன் பெற்றோருக்கு முன்சென்று காத்திருக்கும் சேமிப்பாகவும் பரிந்துரைப்பவராகவும் ஆக்குமாறு வேண்டுகிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை சுனாமியால் கடல் பொங்கியபோது, இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அம்மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அப்பேரழிவில் மருதமுனையும் சாய்ந்தமருதும் கல்முனைக்குடியும் எண்ணற்ற சிறுவர்களைப் பறிகொடுத்தன. நீரில் மூழ்கி இறப்போர் ஷஹீதுகளின் வரிசையில் சேர்வர் என்ற நபிமொழியும், பிள்ளைகள் பெற்றோரின் கரம்பற்றிச் சுவர்க்கம் சேர்ப்பர் என்ற நம்பிக்கையும் அக்காலத்தில் எந்த ஆறுதல் மொழியையும்விட உறுதியான பிடிமானமாக இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய தவ்ஹீத் போக்கினர் தல்கீனையே நபிவழியில் ஆதாரமற்ற புதுமை என மறுப்பினும், பிள்ளைகளின் மறுமை பற்றிய அடிப்படை நம்பிக்கையில் மரபாளருடன் முரண்படுவதில்லை.

சித்தசுவாதீனமற்றோர் விடயத்தில் ஷாபிஈ சட்டம் கூர்ந்து கவனிக்கத்தக்கது. அவர்களுக்குத் தொழுகையும் நோன்பும் கடமையில்லை. தெளிவு பிறந்தாலும் விடுபட்டவற்றை மீட்டித் தொழ வேண்டியதில்லை. ஆயினும் அவர்களின் சொத்துக்கு ஸகாத் உண்டு என்றும், அதைப் பொறுப்பாளரான ‘வலி’ கொடுக்க வேண்டும் என்றும் ஷாபிஈகள் கூற, ஹனஃபிகள் அதை மறுக்கின்றனர். பிள்ளைக்கு ஏழு வயதில் தொழுகையை ஏவும் கட்டளையும் பெற்றோரையே நோக்கியது. இவற்றை ஒருசேர நோக்கின், தக்லீஃப் ஒருவரைவிட்டு நீங்கும்போது அது அழிந்துபோவதில்லை என்பதும், அவரைச் சூழ்ந்து வாழ்வோரின் தோளுக்கு அது மாறுகிறது என்பதும் புலப்படும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைச் சுவர்க்கத்துப் பிள்ளை என வாஞ்சையோடு அழைத்துவிட்டு, அதன் கல்வியையும் மருத்துவத்தையும் கைவிடுவது இச்சட்டத்தின் நோக்கத்துக்கு மாறானது.

அழைப்பு எட்டாதோர் பற்றி இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) செய்த பாகுபாடு இன்றும் ஆய்வுக்குரியது. நபிகளாரின் பெயரையே கேளாதோரையும், அவரைப் பற்றித் திரித்த செய்திகளை மட்டுமே கேட்டோரையும் அவர் மன்னிக்கப்படுவோராகக் கொண்டார். தெளிவாக அறிந்தபின் புறக்கணித்தோரை மட்டும் விலக்கினார். 19ஆம் நூற்றாண்டு எகிப்திய அறிஞர் பாஜூரி போன்ற அஷ்அரி உரையாளர்கள் பருவம், அறிவு, புலன் நலம், அழைப்பு எட்டுதல் ஆகிய நான்கையும் முகல்லஃபின் நிபந்தனைகளாக வகுத்தனர். புலன் நலம் என்ற நிபந்தனை, செய்தி சென்றடைய வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சைகை மொழியும் தொடு எழுத்தும் அவ்வழியைத் திறக்கும் இக்காலத்தில், செவிப்புலனற்ற ஒருவருக்கு அழைப்பு எட்டவில்லை எனில் அதன் காரணம் அவரது செவியிலா, அவருக்குக் கற்பிக்காத ஊரிலா என்பதை ஆலிம்கள் எடுத்து ஆராய வேண்டியுள்ளது.