பட்ஜெட்: பையிலிருந்து வந்த சொல்

1733இல் லண்டனில் ஒரு துண்டுப் பிரசுரம் வெளிவந்தது. 'பட்ஜெட் திறந்தாயிற்று' என்பது அதன் தலைப்பு. அன்றைய ஆங்கிலத்தில் பட்ஜெட் என்றால் தோல் பை. இங்கிலாந்தின் கஜானாவைக் கையில் வைத்திருந்த ராபர்ட் வால்போலை, சந்தையில் பையை அவிழ்த்துச் சர்வரோக நிவாரணி விற்கும் போலி வைத்தியனாக அது நையாண்டி செய்தது. எழுதியவர் அவருடைய அரசியல் எதிரி வில்லியம் பல்ட்னி என்பார்கள்.

சொல்லின் பூர்வீகம் பிரான்ஸ். பழைய பிரெஞ்சில் 'பூஷெத்' என்றால் சின்னத் தோல் பை. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த அந்தச் சொல், பைக்கும் பையில் இருக்கும் சரக்குக்கும் பெயரானது.

வால்போல் பையில் இருந்த மருந்துதான் என்ன? புகையிலைக்கும் ஒயினுக்கும் துறைமுகத்தில் வாங்கிய சுங்க வரியில் ஏகப்பட்ட கள்ளத்தனம் நடந்தது. சரக்கைக் கிடங்கில் வைத்துப் பூட்டி, உள்நாட்டு விற்பனைக்கு எடுக்கும்போது கலால் வரி வாங்கலாம் என்றார் அவர். கணக்குச் சரிதான். ஆனால் கலால் அதிகாரி கடைக்குள் நுழைந்து சோதனை போடலாம்; வழக்கு ஜூரி முன்னால் போகாது. நாளைக்கு ரொட்டிக்கும் இறைச்சிக்கும் இதே கதிதான் என்று எதிர்க்கட்சி கிளப்பிவிட, ஊர் கொதித்தது. நாடாளுமன்றத்தில் 61 ஆக இருந்த அவருடைய பெரும்பான்மை 17க்குச் சரிந்தது. ஏப்ரலில் திட்டத்தைக் கைவிட்டார். பதவி மட்டும் 1742 வரை நிலைத்தது.

கேலிச்சொல்லும் நிலைத்தது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி கலாலை வெறுக்கத்தக்க வரி என்று திட்டித் தீர்த்தது. பட்ஜெட்டுக்கோ பை, இருப்பு என்றே பொருள் சொன்னது. அடுத்த பத்தாண்டில் நிலைமை மாறியது. நிதியமைச்சர் ஆண்டுக் கணக்கை அவையில் வைப்பதையே 'பட்ஜெட்டைத் திறப்பது' என்று சொல்லும் வழக்கம் பரவிவிட்டது.

1798 டிசம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் இளைய வில்லியம் பிட் தம் பட்ஜெட்டில் வருமான வரியை அறிவித்தார். பிரான்ஸோடு மோதப் பணம் வேண்டியிருந்தது. ஆண்டுக்கு 60 பவுனுக்குக் குறைவாகச் சம்பாதித்தவர்கள் தப்பித்தார்கள். 200 பவுனைத் தாண்டியவர்கள் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள்.

சொல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தவர் கோவைக்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஆனால் அரசியலமைப்புச் சட்டத்தில் பட்ஜெட் என்ற சொல்லே கிடையாது; 112ஆம் பிரிவு சொல்வது ஆண்டு நிதிநிலை அறிக்கையை. பேச்சு வழக்கு அதைக் கண்டுகொள்ளவில்லை. மாதக் கடைசியில் 'பட்ஜெட் உதைக்குது' என்கிறார்கள் வீட்டில். அரசாங்கத்துக்குப் பற்றாக்குறை வந்தால், 'பட்ஜெட்டில் துண்டு விழுகிறது' என்று எழுதுகின்றன பத்திரிகைகள்.