மனச்சான்று வளரும் வழி

அறம் வளருமா? தனிமனிதன் நேற்றைவிட இன்று நல்லவனாக முடியுமா? ஒரு சமுதாயம் முழுவதும் அவ்வாறு உயர முடியுமா? மெய்யியலார் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினாக்களுக்கு ஒரு மனிதரின் வாழ்விலேயே விடை தேடிப் பார்க்கலாம். அவர் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ்.

ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரத்தவரான இவர், 1502-இல் கரிபியன் கடலிலுள்ள இஸ்பானியோலாத் தீவுக்குச் சென்றார். அங்கே 'என்கோமியேந்தா' என்னும் முறை நிலவியது. மண்ணின் மக்களைக் குடியேறியவர்களிடம் பங்கிட்டு ஒப்படைப்பர்; அவர்களுக்கு மறைக்கல்வி அளிப்பதாகச் சொல்லி, அவர்களது உழைப்பைப் பிழிந்தெடுப்பர். லாஸ் காசாஸும் அவ்வாறு பயன்பெற்றவரே. குருவான பின்னரும் அதை அவர் விடவில்லை.

1511-ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்தில் அந்தோனியோ தெ மோந்தெசினோஸ் என்ற தோமினிக்கன் துறவி சாந்தோ தொமிங்கோவில் ஒரு மறையுரை ஆற்றினார். இம்மக்களும் மனிதரல்லரோ என்று குடியேறியவர்களைக் கேட்டு, அவர்கள் சாவான பாவத்தில் இருப்பதாகக் கண்டித்தார். தீவே கொதித்தது. லாஸ் காசாஸோ மாறவில்லை. அடிமை ஊழியம் பெறுவதைக் காரணம் காட்டித் துறவி ஒருவர் அவருக்குப் பாவமன்னிப்பு வழங்க மறுத்தபோதும் அவர் மாறவில்லை. 1513-இல் கியூபாப் படையெடுப்பில் ஆன்மகுருவாகச் சென்று, படுகொலைகளைக் கண்ணாரக் கண்டார். எனினும் அங்கும் தமக்குரிய பங்கை ஏற்றார்.

இங்கே முதல் உண்மை புலப்படுகிறது. அநீதியைக் கண்ணால் காண்பது மட்டும் போதாது. நம் நலன் அதனோடு பின்னிக் கிடக்கும்வரை, கண்டும் காணாதவராகவே இருப்போம்.

1514-இல் பெந்தகோஸ்துத் திருநாள் மறையுரைக்காக அவர் சீராக்கின் ஞானநூலைப் புரட்டினார். அநியாயமாய் ஈட்டியதைக் காணிக்கையாக்குவது பற்றியும், கூலியைப் பறிப்பது குருதி சிந்துவதற்கு ஒப்பாகும் என்பது பற்றியும் 34-ஆம் அதிகாரத்தில் படித்தார். முன்பு காதில் விழுந்த கண்டனங்கள் அப்போதுதான் நெஞ்சில் இறங்கின. பூர்வகுடியினரை விடுவித்துவிட்டு, அதன்பின் மறையுரை ஆற்றினார். முதலில் துறந்தார்; பிறகே போதித்தார். இது இரண்டாம் உண்மை.

தனிமனித மனமாற்றம் சட்டமாகக் கனிய வேண்டும். 1522-இல் தோமினிக்கன் சபையில் சேர்ந்த அவர், அரசவையில் ஓயாது வாதாடினார். 1537-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், பூர்வகுடியினர் உண்மையான மனிதர் என்றும், அவர்களது விடுதலையையும் உடைமையையும் பறிக்கலாகாது என்றும் அறிவித்தார். 1542-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 'புதிய சட்டங்களை' இயற்றினார். ஆனால் பெரு நாட்டில் குடியேறியவர்கள் கலகம் செய்தனர். 1545-இல் அச்சட்டங்களின் முதன்மையான பிரிவு திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டே சியாப்பாஸ் ஆயராகப் பணியேற்ற லாஸ் காசாஸ், அடிமைகளை விடுவிக்காதவர்களுக்குப் பாவமன்னிப்பு அளிக்கலாகாது எனப் பணித்தார். ஒருகாலத்தில் தமக்கு மறுக்கப்பட்ட மருந்தையே அவர் பிறருக்கு அளித்தார். எதிர்ப்பு மூண்டு, 1547-இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. மனச்சான்று முதிராத இடத்தில் சட்டம் வேரூன்றுவதில்லை. இது மூன்றாம் உண்மை. 1550-51-இல் வயாதோலித் நகரில் செபூல்வேதாவுடன் நிகழ்ந்த புகழ்பெற்ற விவாதத்திலும் முடிவான தீர்ப்பு வரவில்லை. 1573-இல் வந்த அரச ஆணை, 'வெற்றிகொள்ளுதல்' என்ற சொல்லை நீக்கி 'அமைதிப்படுத்துதல்' என்று எழுதச் சொன்னது. செயல் மாறுமுன் சொல் மாறிவிட்டது!

இவரை மாசற்ற வீரராக வரைவது எளிது. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. பூர்வகுடியினரின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று 1516 முதல் பரிந்துரைத்தவரும் இவரே. ஒரு மக்களுக்காகத் திறந்த கண் இன்னொரு மக்களைக் காணவில்லை. பிற்காலத்தில், ஆப்பிரிக்கரும் அதே அநீதியால்தான் அடிமைகளாக்கப்பட்டனர் என உணர்ந்தபோது, அவர் அதை மறைக்கவில்லை. தமது 'இண்டீஸ் வரலாறு' நூலில் தம் தவறை எழுதி, அறியாமையும் நல்லெண்ணமும் இறைவன்முன் தம்மைக் காக்குமோ என்று ஐயுற்றார். இவ்வறிக்கையே அவரது வாழ்வின் உச்சம் என்பேன். அறவளர்ச்சி என்பது ஏறி முடித்துவிடும் படிக்கட்டு அன்று. ஒவ்வொரு படியிலும் எஞ்சியிருக்கும் குருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்வதே அடுத்த படி.

1566-இல் அவர் மறைந்தார். அந்நூல் அச்சேறியதோ 1875-இல். கியூபாவில் அடிமைமுறை ஒழிந்தது 1886-இல். ஒரு நெஞ்சம் சில ஆண்டுகளில் கடந்த தொலைவைக் கடக்கச் சமுதாயத்திற்கு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. ஆயினும் அந்த நெஞ்சம் முதலில் நடந்திராவிட்டால் பின்வந்தவர்களுக்குத் தடம் ஏது?

நாமும் ஞாயிறுதோறும் காணிக்கை செலுத்துகிறோம். அதில் யாருடைய கூலி கலந்திருக்கிறது? இக்கேள்வியோடு பீடத்தை அணுகுவோம். நம் காலத்து அறவளர்ச்சி அங்கிருந்தே தொடங்கட்டும்.