சென்னையைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால்?

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். கிட்டத்தட்ட மூன்று வருஷம் சென்னை அவர்கள் கையில். 1748-ல் ஐரோப்பாவில் சமாதான உடன்படிக்கை ஆனது. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் வசமிருந்த லூயிஸ்பர்க் கோட்டை பிரான்ஸுக்கு, பதிலுக்குச் சென்னை இங்கிலாந்துக்கு. 1749-ல் ஊர் கைமாறியது. ஊர்க்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்படித் திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால், இன்று நாம பிரெஞ்சு படிச்சிட்டிருப்போமா? பலரும் ஆமாம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

காரணம் கடல். சோழமண்டலக் கரையில் அன்று பெரிய கப்பல்கள் ஒதுங்க நல்ல துறைமுகமே கிடையாது. சென்னையோ புதுச்சேரியோ, திறந்த கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். ஐப்பசி பிறந்தால் கிளம்பிவிட வேண்டும். சென்னையைப் பிடித்த லா பூர்தொனேவின் கப்பல்களையே அந்த அக்டோபர் புயல் சிதறடித்தது. மிச்சத்தோடு அவர் மொரீஷியஸ் பக்கம் போனார். பிரெஞ்சுக் கடற்படைக்கு உருப்படியான தளம் அவ்வளவு தூரத்தில்! ஆங்கிலேயருக்கோ பம்பாய் இருந்தது.

இரண்டாவது, பணம். 1757 பிளாசிக்குப் பிறகு வங்காளத்தின் வருமானம் ஆங்கிலேயருக்குக் கைகொடுத்தது. 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்ட லாலியிடம் சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கவே காசில்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் முற்றுகையை விட்டுவிட்டுக் கிளம்பினார்.

சரி, சென்னை பிரெஞ்சு வசமே இருந்திருந்தால்? முற்றுகையிட்டது ஆங்கிலேயராக இருந்திருக்கும், அவ்வளவுதான். கடலூர் பக்கம் அவர்களுக்கு செயின்ட் டேவிட் கோட்டை இருந்ததே. அங்கிருந்து கிளம்பித்தான் 1748-ல் பாஸ்கவன் புதுச்சேரியை வளைத்தார். நோயும் மழைக்காலமும் சேர்ந்து அந்த முறை ஊரைக் காப்பாற்றின. எல்லா வருஷமும் மழை அப்படிக் கைகொடுக்காது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது.

ஆகவே வரலாற்றில் ஒன்றை மாற்றலாம் என்றால் நான் உடன்படிக்கையைத் தொடமாட்டேன், திருகோணமலையை மாற்றுவேன். புயலுக்கு அஞ்சாத இயற்கைத் துறைமுகம், அன்று டச்சுக்காரர்களிடம் இருந்தது. 1740-களிலேயே அது பிரான்ஸிடம் இருந்திருந்தால், கப்பல்கள் மழைக்காலத்திலும் பக்கத்திலேயே நின்றிருக்கும். சஃப்ரென் அதைப் பிடித்தது 1782-ல்தான். மறுவருஷமே போர் முடிந்துவிட்டது.

அப்போதும் வங்காளப் பணம் பாக்கி இருக்கிறது. அதற்கு ஈடாக பிரான்ஸிடம் என்ன இருந்தது என்று யோசித்தால், என்னிடம் பதில் இல்லை.